நுரை இரண்டு விரல்

“பாட்டிலில் வாய் வைக்கக் கூடாது. அது காட்டுமிராண்டித்தனம்.”

இந்தக் குரல் ஒலித்த இடம் பிரஸ்ஸல்ஸ் என்று நினைத்துவிடாதீர்கள். பெரம்பலூர் மாவட்டம், செட்டிகுளம் போகிற வழியில் ஒரு மக்காச்சோளக் கொல்லை. கொல்லை நடுவே மோட்டார் கொட்டகை. கொட்டகைக்குள் கயிற்றுக் கட்டில் ஒன்று, உர மூட்டை இரண்டு, நாங்கள் ஆறு பேர். சொன்னவர் எனக்குப் பங்காளி முறை. பெயர் வேண்டாம், நுரையார் என்று வைத்துக்கொள்வோம். இப்போதெல்லாம் ஊருக்கு ஒரு நுரையார் இருக்கிறார். உங்கள் ஊர்க்காரர் பெயரைப் போட்டுப் படித்தாலும் கணக்கு உதைக்காது.

பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. பொங்கலுக்கு வரும்போது அம்மாவுக்குப் புடவை, அப்பாவுக்குச் சர்க்கரை மாத்திரை, எங்களுக்கு பெல்ஜியம். துண்டில் சுற்றி ஆறு கிளாஸ் கொண்டுவந்திருந்தார். ஒன்று ஆறு பட்டை வைத்தது. ஒன்று தாமரைப் பூவைக் காம்போடு பறித்து நிறுத்தியது போல. ஒன்றுக்கு அடி குண்டு, தானாக நிற்காது, அதைச் செருகி வைக்க மரத்தில் ஒரு தாங்கி. ஒவ்வொரு பீருக்கும் ஒவ்வொரு கிளாஸாம். மாற்றி ஊற்றினால் பாவமாம். கொல்லைக்குச் சொந்தக்காரனான என் மாப்பிள்ளை அந்த மரத்தாங்கியைத் தூக்கித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: “பள்ளிக்கூடத்துல கெமிஸ்ட்ரி லேப்புல இது கெடந்துச்சுண்ணே.”

நுரையார் சிரிக்கவில்லை. ரசிகர்கள் சிரிப்பதில்லை. கிளாஸை எப்படிச் சாய்க்க வேண்டும், எப்போது நிமிர்த்த வேண்டும், நுரை இரண்டு விரற்கடை ஏன் நிற்க வேண்டும், அடிமண்டியை என்ன செய்ய வேண்டும், மூக்கை எவ்வளவு உள்ளே விட வேண்டும் என்று பாடம் தொடங்கியது. உர மூட்டைமேல் செல்போன் நின்றுகொண்டு எல்லாவற்றையும் பதிவு செய்தது. செய்ததாக நினைத்தோம். முதல் தடவை ஊற்றியது பதிவாகவில்லை. ஆகவே இன்னொரு தடவை ஊற்றினார். முதலில் ஊற்றியதை என்ன செய்தார் என்று கேட்காதீர்கள், பாத்திக்குப் போய்விட்டது. “இது கோதுமை பீர். இதுல கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் போடுவாங்க” என்றார் கேமராவைப் பார்த்து.

“கொத்தமல்லி வெதையா? எங்கம்மா ரசத்துல போடுறதா?”

“டேய், அது வேற.”

“எதுண்ணே வேற? நானே வெதச்சிருக்கேன், நானே மண்டியில போட்டிருக்கேன். வெல கெடைக்கல, அதான் மக்காச்சோளத்துக்கு வந்துட்டேன்.”

அந்தத் துண்டைப் பிறகு வெட்டிவிட்டார். வெளியான வீடியோவில் மாப்பிள்ளை வாய் திறக்கவில்லை, பின்னணியில் வயல் அழகாக ஆடுகிறது, நுரையார் ‘வேர்களைத் தேடி’ என்று தலைப்புப் போட்டிருந்தார். “நான் யாருக்கும் விளம்பரம் பண்றதில்ல, கல்ச்சர் கத்துக்கொடுக்கிறேன்” என்பது அவர் வாக்கு. கடைசி மூன்று நொடியில் பெங்களூர் மொட்டைமாடியில் அவர் நடத்தும் சுவைப்பு வகுப்புக்குத் தலைக்கு எவ்வளவு கட்டணம் என்று ஒரு வரி ஓடும். அது கல்ச்சரின் பின்குறிப்பு போலிருக்கிறது.

பெல்ஜியம் அரைமணி நேரத்தில் தீர்ந்துபோனது. அதன் பிறகு டாஸ்மாக்கிலிருந்து ஸ்ட்ராங் வந்தது. அதற்குக் கிளாஸ் இல்லை, மூக்கு இல்லை, கேமரா இல்லை. பாட்டிலில் வாய் வைத்து, காட்டுமிராண்டிகள் ஆறு பேரும் குடித்தோம். இருட்டிய பிறகு நுரையார் எழுந்து காலிப் பாட்டிலைக் கொல்லைக்குள் வீசினார். எங்கேயோ வரப்புக் கல்லில் பட்டுச் சிலீரென்றது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. வெளியான படத்தில் நானும் இருக்கிறேன், இடமிருந்து மூன்றாவது ஆள்.

அவர் பாடத்தில் இல்லாத பெல்ஜியம் ஒன்று உண்டு, அதைத் தேடிப் படித்தேன். பெல்ஜியத்தின் பீர்ப் பண்பாட்டை யுனெஸ்கோ 2016இல் மானுட மரபுப் பட்டியலில் சேர்த்தது. இதை நுரையார் பத்து முறை சொல்லியிருப்பார். அந்த மரபின் உச்சியில் உட்கார்ந்திருப்பவர்கள் யார் என்பதை மட்டும் சொன்னதில்லை. மேற்கு ஃப்ளாண்டர்ஸில் வெஸ்ட்ஃப்ளெட்டரன் என்றொரு சிற்றூர். அங்கே செயின்ட் சிக்ஸ்டஸ் மடத்துத் துறவிகள் பீர் காய்ச்சுகிறார்கள். 2005இல் உலகத்து ரசிகர்கள் ஒன்று கூடி ஓட்டுப் போட்டு, இதுதான் உலகின் தலைசிறந்த பீர் என்று முடிசூட்டினார்கள். கார்கள் வரிசை கட்டின. இருப்பு தீர்ந்தது. நம்மூர் ஆளாக இருந்தால் அடுத்த வாரமே பெரம்பலூர் கிளை, அரியலூர் கிளை, எங்களுக்கு வேறு கிளைகள் உண்டு என்று போர்டு வைத்திருப்பார். அந்தத் துறவிகள் ஒரு அண்டாகூடக் கூடுதலாகக் காய்ச்சவில்லை. மடம் நடக்க எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டார்கள். அப்போது வாங்க வேண்டுமென்றால் முன்கூட்டி போன் செய்து, வண்டி நம்பரைக் கொடுத்துப் பதிந்துகொள்ள வேண்டியிருந்தது. கூடுதல் விலைக்கு அடுத்தவனுக்கு விற்கக் கூடாது. இன்னொன்றும் கேளுங்கள். பல பத்தாண்டுகள் அந்தப் பாட்டிலில் லேபிளே கிடையாது. சட்டப்படி எழுத வேண்டியதை மூடியில் அச்சடித்துவிட்டு, பாட்டிலை அம்மணமாக விட்டிருந்தார்கள்.

உலகத்தின் முதல் பீருக்குப் பெயர் ஒட்டவில்லை. நம்மிடம் ஒட்டப்படாதது என்று ஏதாவது இருக்கிறதா?

அரியலூரிலிருந்து ஜெயங்கொண்டம் போகிற ரோட்டில் ஒரு கல்யாண மண்டப வாசலில் நின்று அண்ணாந்து பாருங்கள். பன்னிரண்டடி உயரத்துக்கு ஃப்ளெக்ஸ். மணமக்கள் ஓர் ஓரத்தில், தபால் தலை அளவுக்கு. மீதி முழுவதும் நண்பர்கள். கூலிங் கிளாஸ், கூப்பிய கை, ஒருவர் காதில் போன். கீழே ‘நுரை தள்ளும் சிங்கங்கள்’, ‘கட்டிங் கம்பெனி இயக்குநர்கள்’ என்று பட்டங்கள். சிமெண்ட் லாரி போகிற போக்கில் பறக்கவிடும் புழுதி அந்த முகங்களின் மேல் படிகிறது, பெண் வீட்டுக்காரர் கீழே நின்று வருகிறவர்களை வரவேற்கிறார். தான் குடிப்பவன் என்பதை ஒருகாலத்தில் துண்டால் வாயை மூடி மறைத்தார்கள். இப்போது அதையே பதவி போல அச்சடிக்கிறார்கள். இவர்களைப் பார்த்து நுரையார் முகம் சுளிப்பார். “கல்ச்சர் இல்லாத பசங்க.” அவர் கையில் ஆறு பட்டைக் கிளாஸ், இவர்கள் தலைக்குமேல் பன்னிரண்டடி ஃப்ளெக்ஸ். வித்தியாசம் அளவில்தான்.

இடையில் ஒன்று. பட்வைசரைப் பார்த்தால் நுரையார் காறித் துப்பாத குறை. அமெரிக்கச் சாக்கடை என்பார். அதை இன்று கையில் வைத்திருக்கும் கம்பெனிக்குத் தலைமையகம் பெல்ஜியத்தின் லூவன் நகரம். அவர் சாமிக்கும் சாத்தானுக்கும் ஒரே ஊரில்தான் கல்லாப் பெட்டி.

என் ஆத்திரம் இதில் அடங்கவில்லை. அவர் பேச்சில் எனக்கு ரத்தம் கொதித்த இடம் வேறு. ‘லாம்பிக்’ என்று ஒரு பீரைப் பற்றிப் பேசினார். பேசும்போது குரல் தழுதழுத்தது. பிரஸ்ஸல்ஸைச் சுற்றிய பகுதியில் காய்ச்சுகிறார்களாம். ஈஸ்ட் போடுவதில்லையாம். காய்ச்சிய சாற்றை அகலமான, ஆழம் குறைந்த தொட்டியில் ஊற்றி, இரவெல்லாம் திறந்து வைத்துவிடுவார்களாம். காற்றில் இருக்கும் நுண்ணுயிர் தானாக வந்து இறங்கி அதைப் புளிக்க வைக்குமாம். குளிர்காலத்தில் மட்டும்தான் காய்ச்ச முடியுமாம். 1900இல் தொடங்கிய கான்டியோன் என்ற பட்டறை இன்னும் இதையே செய்கிறது. இதெல்லாம் உண்மைதான், தேடிப் பார்த்துவிட்டேன். “காத்தே காய்ச்சுது பங்காளி! இப்படி ஒரு அதிசயம் உலகத்துல எங்கயாவது உண்டா?” என்றார்.

கொட்டகைக்கு வெளியே, கைக்கெட்டும் தூரத்தில், வரப்போரம் நாலு பனைமரம் நின்றுகொண்டிருந்தது.

பாளையைச் சீவிக் கலயத்தைக் கட்டினால், காற்றில் இருப்பது வந்து இறங்கித் தானாகப் புளிக்க வைக்கும். ஈஸ்ட் வேண்டாம், தொட்டி வேண்டாம், பட்டறை வேண்டாம். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். பதநீரானால் அரசே பாராட்டும், கள்ளானால் போலீஸ் வரும். நடுவில் இருப்பது ஒரு விரல் சுண்ணாம்பு. அரியலூர் மண்ணுக்கடியில் அந்தச் சுண்ணாம்புதான் பாறையாகக் கிடக்கிறது. அதை மலைமலையாய்த் தோண்டி சிமெண்ட் ஆக்க லைசென்ஸ் உண்டு. கலயத்தில் தடவ மறந்த பனையேறிக்குக் கேஸ் உண்டு. பனை மாநில மரம் என்பதும் மறந்துவிட வேண்டாம்.

1987 ஜனவரியிலிருந்து தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை. 1937இல் ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கியதையும், 1971இல் கருணாநிதி அதைத் தளர்த்தியதையும், 1981இல் எம்.ஜி.ஆர். மீண்டும் திறந்ததையும், அவரே கள்ளை மூடியதையும் சேர்த்துப் படித்தால், குடி நல்லதா கெட்டதா என்ற கேள்வி எங்கேயோ நடுவழியில் இறங்கிப் போய்விட்டது தெரியும். கடைசி ஸ்டாப் வரை வந்தது கல்லாப் பெட்டி. 2025 ஜூனில் சீமான் தூத்துக்குடி மாவட்டம் பெரியதாழையில் கேமராக்கள் சூழப் பனையேறிக் கள் இறக்கினார். இறங்கியும் விட்டார். பனையேறியின் தலைக்கு மேலிருந்த சட்டம் மட்டும் இறங்கவில்லை. அரசியல்வாதிக்கு மரமும் ஒரு ஃப்ளெக்ஸ் கட்டை.

கள்ளுக்குடி நல்லது என்று நான் வக்காலத்து வாங்கவில்லை. கள்ளைக் குடித்துக் குடும்பம் அழிந்த கதை எங்கள் தெருவிலேயே உண்டு. எனக்கு எரிவது, காற்றில் புளித்ததை பிரஸ்ஸல்ஸ்காரன் குடித்தால் மரபு என்று கண் கலங்குகிறவர், நம்மூர்ப் பனையேறி குடித்தால் “சீ, நாத்தம்” என்று மூக்கைப் பிடிப்பது. கிளாஸுக்குள் அத்தனை ஆழம் போன மூக்கு, ஜன்னலுக்கு வெளியே ஒரு முழம் நீளவில்லை.

சரி, தனிமனிதரை எவ்வளவுதான் அடிப்பது. ஊரிலேயே பெரிய நுரையார் அரசாங்கம். 1983இல் மொத்த வியாபாரத்துக்காகத் தொடங்கிய டாஸ்மாக், 2003 நவம்பரில் சில்லறைக் கடையையும் தன் கைக்குள் எடுத்துக்கொண்டது. பாட்டிலில் கேடு என்று எழுதி ஒட்டி, கேட்டை எண்ணி எண்ணி விற்கிறது. 2023 ஜூன் 22ஆம் தேதி ஐந்நூறு கடைகளை மூடிவிட்டோம் என்று மார் தட்டியது. 2024-25இல் மது வருவாய் 48,344 கோடி ரூபாய். கடை குறைந்தது, கல்லா குறையவில்லை. வெஸ்ட்ஃப்ளெட்டரன் துறவி தன் சரக்கை வாங்காதே என்று ஒருநாளும் சொன்னதில்லை, வாங்கு என்றும் சொன்னதில்லை. நம் அரசு இரண்டையும் ஒரே பாட்டிலில் சொல்கிறது.

நெடுஞ்சாலைக் கடைகளுக்கு 2017 ஏப்ரல் முதல் தேதியோடு உச்ச நீதிமன்றம் கெடு வைத்தது நினைவிருக்கலாம். சென்னை - திருச்சி சாலை பெரம்பலூரைத் தொட்டுக்கொண்டு போகிறது. சாலையோரத்துக் கடைகள் எங்கே போகும்? தமிழ்நாடு முழுக்க அவை ஊருக்குள்ளும் கொல்லைக்குள்ளும் நகர்ந்தன. அந்தக் கோடையில் பெண்கள் திரண்டு வந்து மறித்தார்கள், சில இடங்களில் கடையையே உடைத்தார்கள். அவர்களுக்குத் தெரியும், கடை வந்தால் அதன் பின்னாலேயே கண்ணாடியும் வரும் என்று.

கண்ணாடிக்கு வருகிறேன். என் சித்திக்கு அறுபது வயது தாண்டிவிட்டது. சர்க்கரை உண்டு. செருப்புப் போட்டுக்கொண்டு கொல்லையில் இறங்கும் பழக்கம் அவர் தலைமுறைக்கு இல்லை. ஐப்பசியில் அதே கொல்லையில் மக்காச்சோளத்துக்குக் களை வெட்டிக்கொண்டிருந்தார். பொங்கலுக்கு நாங்கள் எறிந்ததைக் கோடை உழவு புரட்டியிருந்தது, மழை கழுவி மேலே கொண்டுவந்திருந்தது. குதிகாலுக்குள் பாட்டில் சில்லு இறங்கிவிட்டது. பிடுங்கி எறிந்துவிட்டு, மண்ணை அள்ளி அப்பிக்கொண்டு, மிச்ச பாத்தியையும் வெட்டி முடித்துவிட்டுத்தான் வரப்புக்கு வந்தார். சாயங்காலம் ஆஸ்பத்திரியில் ஏழு தையல். சர்க்கரைக் கால் என்பதால் புண் ஆற இரண்டு மாதம். அந்த இரண்டு மாதக் கூலி எந்த வருவாய்க் கணக்கிலும் கழியாது.

அது நுரையார் வீசிய பாட்டில்தான் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். கடைசியில் எழுந்து போன நானும் ஒன்றை வீசினேன். போன் போட்டு நுரையாரிடம் சொன்னேன். உண்மையாகவே வருத்தப்பட்டார். “அச்சச்சோ, இவ்ளோ தூரமா? பாவம் சித்தி. பாத்துப் போகக் கூடாதா?” என்றார். நுரை எத்தனை விரல் இருக்க வேண்டும் என்று தெரிந்தவர்.

நீலகிரியில் உடைந்த பாட்டில் யானைக் காலைக் கிழிக்கிறது என்று சென்னை உயர் நீதிமன்றம் கண்டித்த பிறகுதான் காலிப் பாட்டிலைத் திரும்ப வாங்கும் திட்டம் பிறந்தது. 2022 மே மாதம் அங்கே தொடங்கினார்கள். வாங்கும்போது பத்து ரூபாய் கூடுதலாகக் கொடுக்க வேண்டும், அதற்கு அடையாளமாகப் பாட்டிலில் ஒரு ஸ்டிக்கர், காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் பத்து ரூபாய் கையில் வரும். பிறகு அந்தத் திட்டம் பெரம்பலூருக்கும் வந்தது. எங்கள் மாவட்டத்தில் யானை கிடையாது. களை வெட்டுகிற பெண்கள் உண்டு. யானை வழியாகவாவது அவர்கள் காலுக்கு ஒரு விடிவு வந்ததே என்று மகிழ்ந்தேன். கடைச் சிப்பந்திகள் மகிழவில்லை. இருக்கிற வேலைக்கே ஆளில்லை, நாறுகிற பாட்டிலை எங்கே அடுக்குவது என்று அவர்கள் சங்கங்கள் போராடின. அவர்கள் கேள்வியிலும் நியாயம் இருக்கிறது.

எங்கள் நுரையார்களுக்குப் பத்து ரூபாய் ஒரு பொருட்டா? காலிப் பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு கடை வாசலில் நிற்பது அவர்களுக்கு மானக்கேடு. ஃப்ளெக்ஸில் நிற்க வெட்கப்படாதவர்களுக்கு இதில் வந்துவிடுகிறது வெட்கம். அதனால் விடிகாலையில் கடைக்குப் பின்புறம் ஒரு பாட்டி சாக்கோடு வருகிறார். குனிந்து குனிந்து பொறுக்குகிறார். ஒரு நாள் நான் நின்று எண்ணினேன், 23 பாட்டில். அதில் ஐந்தைத் தனியே ஓரம் வைத்தார். ஏன் என்று கேட்டேன்.

“அதுல ஸ்டிக்கரு கிழிஞ்சிருக்கு சாமி. வாங்க மாட்டாங்க. குடிச்சிட்டுக் கையி சும்மா இருக்காது பாரு, நவத்தால சொரண்டிச் சொரண்டிப் பிச்சிடுறாங்க.”

அடுத்த பொங்கலுக்கு நுரையார் மறுபடி வருகிறார், இந்த முறை பன்னிரண்டு கிளாஸோடு. அவருக்கும், அவரைப் போல ஊருக்கு வரப்போகிற எல்லோருக்கும், கூடவே எனக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: எந்தக் கிளாஸில் வேண்டுமானாலும் குடியுங்கள், நுரை எத்தனை விரல் வேண்டுமானாலும் நிற்கட்டும். பாட்டிலை எறியாதீர்கள், எடுத்த கடையிலேயே கொண்டுபோய்க் கொடுங்கள். அதற்கும் கௌரவம் இடம் கொடுக்காவிட்டால், உடைக்காமல் கடைச் சுவர் ஓரமாக வையுங்கள். ஸ்டிக்கரைச் சுரண்டாதீர்கள். அது பாட்டியின் பத்து ரூபாய்.